சொல்லாமல் கொடுத்தது

விமானத்தின் கதவைச் சாத்துவதற்கு முன்பே பொன்னி தூங்கிப்போயிருந்தாள். எழில்மொழியின் இடது கை மடிப்பில் தலை சாய்ந்திருந்தது. எட்டு மாதக் குழந்தை. போன மாதம் மொட்டை போட்ட தலையில், விதை விட்டு மூன்றாம் நாள் நாற்றங்கால் போல முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. குத்திய காதில் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சமத்துப் பாப்பாவால்ல இருக்கு" என்றார் நடைபாதைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர். பேராவூரணிக்காரராம், மகனைப் பார்க்க ஷார்ஜா போகிறாராம். "பக்கத்துல கைக்குழந்தைன்னதும் கொஞ்சம் பயந்துட்டேன் தம்பி. தப்பா நினைக்காதீங்க. பேரு என்ன?"

"பொன்னி" என்றான் எழில்மொழியின் கணவன் பரிதி.

"அரிசி பேரா, ஆத்துப் பேரா?"

"எங்கப்பா வச்சதுங்க. அவருக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

பெரியவர் உரக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் குழந்தை அசையவில்லை. பரிதிக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கு அடியில், உள்ளங்காலில் தைத்து உள்ளேயே ஒடிந்த முள் மாதிரி, வேறொன்றும் இருந்தது. அதை அவன் அழுத்திப் பார்க்கவில்லை.

ஒரு மாதத்துக்கு முன் ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்கு வந்தபோது கதையே வேறு. ஏறியதிலிருந்து அழுகை. காது வலியா, வயிற்று வலியா, அடைத்துக் கிடந்த காற்றுதான் பிடிக்கவில்லையா, யாருக்குத் தெரியும். பால் கொடுத்தால் தள்ளினாள். தோளில் போட்டால் வில்லாக வளைந்து நிமிர்ந்தாள். பரிதி அவளைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் தன் குரல் கேட்பதைக்கூட விரும்பாதவன் அவன். பதில் தெரிந்தும் வகுப்பில் கை தூக்காமல் பள்ளிக்கூடத்தைக் கடந்தவன். அன்றைக்கு விமானத்திலிருந்த முகம் அத்தனையும் அவன் மேல்தான். "தம்பி, அதுக்கு என்னதான் வேணும்னு கேட்டுச் சொல்லுங்க, நாங்கல்லாம் சேந்து வாங்கிக் குடுத்துடுறோம்" என்றார் ஒருவர். இன்னொரு பெண் திரும்பி எழில்மொழியைப் பார்த்து, வாய் திறக்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். விமானம் இறங்கத் தொடங்கியபோது பொன்னி அழுது ஓய்ந்து தூங்கினாள். பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அது வரிசை வரிசையாகப் பரவியது. கெட்ட எண்ணத்தில் தட்டியிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஊரில் இருந்த நாட்களில், குளித்துக்கொண்டிருக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அந்தக் கைதட்டல் அவனுக்குக் கேட்டது.

திரும்புகிற நாள் நெருங்கியபோதுதான் பேச்சு வந்தது.

"ஒரு சளி சிரப் இருக்கு" என்றான் பரிதி. "கொஞ்சம் குடுத்தா இறங்குற வரைக்கும் தூங்குவா. ஷார்ஜால நிறைய பேர் குடுக்குறாங்க."

"சளியே இல்லாத பிள்ளைக்குச் சளி மருந்தா?" எழில்மொழி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். கல்யாணத்துக்கு முன் அம்மாபேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்தவள். கோபம் வந்தால் அந்தக் குரல் திரும்பிவிடும். "தூங்க வைக்கிறதுக்கு மருந்து குடுக்குறதுக்கு என்ன பேருன்னு நீங்களே சொல்லுங்க பாப்போம்."

பரிதியின் அக்கா மங்களாம்பிகை முறத்தோடு கூடத்துக்கு வந்தாள். "இதுக்கு ஏன்டா சண்டை? ஜாதிக்காயைக் கல்லுல ரெண்டு சுத்து உரைச்சு நாக்குல தடவுனா கம்முனு தூங்கப்போவுது. உன்னையெல்லாம் அப்படித்தான் தூங்க வச்சது. நீதான் இன்னும் எழுந்திருக்கல."

"அந்தக் கல்லைக் கடைசியா எப்பக்கா கழுவுன? நான் பொறந்தப்பவா?"

"பேச்சைப் பாரு. அந்தக் கல்லுல உரைச்சுக் குடிச்சவன்தான் இன்னைக்கு இன்ஜினியரு."

"பட்டிக்காட்டு வைத்தியம்க்கா. இதெல்லாம் செஞ்சியோ, நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

மங்களாம்பிகை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டாள். எழில்மொழி கீழே வைத்த துணியை எடுத்து மறுபடி மடித்தாள். அன்று மாலை அவளே பேசினாள். "உங்க சிரப்பும் வேணாம், அண்ணியோட ஜாதிக்காயும் வேணாம். அழுதா அழட்டும். சத்தியமா?"

"சத்தியமா" என்று அவன் குழந்தையின் தலையைத் தொடக் கை நீட்டினான்.

"தலைமேல வேணாம்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாயால சொன்னா போதும்."

இரண்டு நாள் கழித்துத் தஞ்சாவூருக்குப் பெட்டி வாங்கப் போனவன், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக் கடையில் சிரப்பும் வாங்கினான். குழந்தைக்கு என்ன வயது என்று கடைக்காரர் கேட்டார். "நாலு முடிஞ்சிருச்சு" என்றான். நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்பதை முன்பே படித்திருந்தான். படித்திருந்ததால்தான் அந்தப் பொய் தடுமாறாமல் வந்தது.

இன்று காலை கிளம்பியபோது அம்மாபேட்டை சாலையில் பாதிக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் கார் ஊர்ந்தது. பதறிக்கொண்டு விமான நிலையம் போய்ச் சேர்ந்தால், விமானம் தாமதம். பொன்னி சிணுங்கத் தொடங்கினாள். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"குடு, நான் டயபர் மாத்திட்டு வர்றேன்" என்றான் பரிதி.

"நீங்களா?"

"ஏன், எனக்குக் கையில்லையா?"

எழில்மொழி அவனைப் பார்த்தாள். வெகுநாளாக அப்படிப் பார்க்காத ஒரு பார்வை. அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டுதான் அவன் குழந்தையோடு டயபர் மாற்றும் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டான். முதலில் ஊற்றிய சிரப்பைப் பொன்னி துப்பினாள். மறுபடி ஊற்றினான். அதிலும் கொஞ்சம் தாடை வழியாக வழிந்தது. இன்னொரு தடவை ஊற்றினான். உள்ளே எவ்வளவு போயிற்று, வெளியே எவ்வளவு போயிற்று என்று அவனுக்குத் தெரியவில்லை. இனிப்பு பிடித்துப்போய் அவள் நாக்கைச் சப்புக்கொட்டினாள். அவனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள்.

அவன் வெளியே வந்ததும் எழில்மொழி குழந்தையை வாங்கிக்கொண்டு, "பால் குடுத்துட்டு வந்துர்றேன்" என்று பாலூட்டும் அறைக்குப் போனாள். வர நேரமாயிற்று. அவன் அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

விமானப் பணிப்பெண் குழந்தைக்கான பெல்ட்டைக் கொண்டுவந்து எழில்மொழியின் பெல்ட்டோடு கோத்துக் காட்டினாள். "மேல போறப்ப ஃபீட் பண்ணுங்க மேடம். காது அடைக்காது."

விமானம் மெதுவாக நகர ஆரம்பித்தது. எழில்மொழி முந்தானையைப் போர்த்திக்கொண்டு குழந்தையை மார்போடு சேர்த்தாள். கொஞ்ச நேரம் போயிற்று. தோளை மாற்றிப் பார்த்தாள். குழந்தையின் கன்னத்தை விரலால் தட்டினாள்.

"ஏங்க."

"ம்."

"வாயில வச்சா இழுக்க மாட்டேங்குறா."

"தூக்கம்தான். விடு."

மற்ற நாளாக இருந்தால் எழில்மொழி விட்டிருக்க மாட்டாள். இப்போது அவள் மறுகேள்வி கேட்கவில்லை. கணவன் சொன்னதை நம்பிவிட்டாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். அந்த நம்பிக்கை அவனுக்குக் கூசியது.

ஜன்னலுக்கு வெளியே ஓடுபாதையின் ஓரத்துப் புல் காய்ந்து கிடந்தது. விமானம் திரும்பி ஓரிடத்தில் நின்றது. இறங்க வருகிற வேறொன்றுக்காகக் காத்திருக்கிறது போல. பரிதி முந்தானைக்குள் கைவிட்டுக் குழந்தையின் வயிற்றில் வைத்தான். ஏறியது. இறங்கியது. அப்புறம் ஒன்றும் இல்லை. பிறகு மறுபடி ஏறியது.

குழந்தைகள் அப்படித்தான் மூச்சு விடும் என்று சொல்லிக்கொண்டான்.

சொல்லிவிடலாம். சொன்னால் விமானம் நிற்கும். இறக்கி விடுவார்கள். லீவை ஏற்கெனவே ஒரு முறை நீட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சைட்டில் இல்லையென்றால் அப்புறம் வரவே வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறான். வேலை போனால் மூன்று பேருடைய விசாவும் போகும். சொல்லாவிட்டால் ஷார்ஜா. அதற்குள் அவளே கண் விழிப்பாள். அழுவாள்கூட. வேலை, விசா எல்லாம் அவன் தனக்குக் காட்டிக்கொண்ட காரணங்கள். உண்மையில் அவன் கண்முன் இருந்தது வரிசை வரிசையான தலைகள். எந்த முகங்கள் திரும்பக் கூடாது என்று அதைச் செய்தானோ, அத்தனை முகத்தையும் இப்போது அவனே கூப்பிட வேண்டும். கூப்பிட்டு, என்ன செய்தான் என்றும் சொல்ல வேண்டும்.

அவன் சும்மா இருந்தான். எழில்மொழியும் சும்மா இருந்தாள். இரண்டு பேர் கையும் குழந்தையின் மேல் இருந்தது.

குழந்தையின் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் நகத்தால் உள்ளங்காலைக் கிள்ளினான். சாதாரணமாக இறகு பட்டாலே இழுத்துக்கொள்கிற கால். இன்னும் அழுத்திக் கிள்ளினான். வெள்ளையாகப் பிறைபோல் ஒரு தடம் விழுந்தது. கால் வைத்த இடத்திலேயே கிடந்தது.

இன்ஜின் சத்தம் உயர்ந்தது. பரிதி பெல்ட்டைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து நின்றான்.

"சார், உக்காருங்க! சார்!" முன்னாலிருந்து பணிப்பெண் கத்தினாள்.

"நிறுத்துங்க. குழந்தைக்குத் தூங்குறதுக்கு மருந்து குடுத்துட்டேன். எழுப்ப முடியல."

அவன் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. எல்லா முகமும் திரும்பியது.

எழில்மொழி அலறுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. "என்ன மருந்து?" என்று மட்டும் கேட்டாள், காற்றே இல்லாத குரலில்.

"சளி சிரப்."

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அதைக் கோபம் என்று நினைத்தான் பரிதி.

விமானம் திரும்பி வந்தது. பின்னால் யாரோ, "இன்னைக்குப் போய்ச் சேந்த மாதிரிதான்" என்றார்கள். பேராவூரணிக்காரர் அவர்களை அதட்டினார். படிக்கட்டில் இறங்கும்போது பொன்னியின் உதட்டு ஓரம் நாவல்பழம் தின்றதுபோல் கறுத்திருந்தது.

ஆம்புலன்ஸ் போய் நின்ற ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா ஒருத்தி இருந்தாள். குழந்தையைத் தொட்டுக்கொண்டே கேட்டாள், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல்.

"என்ன குடுத்தீங்க?"

பரிதி பாட்டிலை நீட்டினான்.

"எவ்வளவு?"

"தெரியலங்க. துப்பினா. மறுபடி மறுபடி ஊத்தினேன்."

"இதுல நாலு வயசுன்னு போட்டிருக்கே."

"பாத்தேங்க."

டாக்டர் பாட்டிலை ஓரமாக வைத்தாள். "பாத்துட்டுத்தான் குடுத்தீங்களா" என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். "வேற ஏதாவது குடுத்தீங்களா? நாட்டு மருந்து, தேன், எதாச்சும்?" என்று எழில்மொழியைப் பார்த்தாள்.

"இல்லைங்க" என்றாள் எழில்மொழி.

மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். புறங்கையில் ஊசி இறக்கினார்கள். பொன்னி எதற்கும் முகம் சுளிக்கவில்லை. டாக்டர் கண் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தாள். நாடியைப் பிடித்துப் பார்த்தாள். பாட்டிலை மறுபடி எடுத்துப் படித்தாள். அவளுக்கு ஏதோ பொருந்தவில்லை.

"இவ்வளவு துப்பியிருந்தா, இந்த சிரப்புக்கு மட்டும் இப்படி ஆவாது" என்றாள். "மூளைக்காய்ச்சலான்னு பாக்கணும். முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுக்கணும். அப்புறம் ஸ்கேன். நேரம் இல்ல, சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க."

பரிதி போட்டான். நர்ஸ் குழந்தையைப் பக்கவாட்டில் புரட்டி, முழங்காலையும் கழுத்தையும் சேர்த்து இறால்போல் மடக்கிப் பிடித்தாள். சின்ன முதுகில் எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. பஞ்சால் பழுப்பு மருந்தைத் துடைத்தார்கள். நீளமான ஊசியின் உறையைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"ஜாதிக்காய்" என்றாள் எழில்மொழி.

டாக்டர் கையை நிறுத்தினாள்.

"ஜாதிக்காய் குடுத்தேங்க. பீய்ச்சின பால்ல கலந்து. ஏர்போர்ட்ல வச்சு."

பரிதி அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"உரைச்சா? எத்தனை சுத்து?"

"உரைக்கல." அவள் குரல் இப்போது பாடம் ஒப்பிப்பதுபோல் தட்டையாக இருந்தது. "கல்லு கூடத்துல இருக்கு. எடுத்தா சத்தம் கேக்கும், எல்லாருக்கும் தெரிஞ்சிடும். வீட்டு பாத்ரூம்ல வச்சுக் கத்தியால சுரண்டினேன். பொடியா வந்துச்சு. ரெண்டு சுத்துன்னா எவ்வளவு பொடின்னு எனக்குத் தெரியல. ஒரு ஸ்பூன் இருக்கும். இவரு அழுகையைத் தாங்க மாட்டாரு. அதான்."

கல்லில் இரண்டு சுற்று உரைத்தால் வருவது நகக்கண் அளவு சாயம். அதை நாக்கில் தடவுவார்கள், அவ்வளவுதான். அது அங்கே நின்ற நர்ஸுக்கும் தெரிந்திருந்தது. அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

டாக்டர் திட்டவில்லை. ஊசியை உறைக்குள் திருப்பி வைத்தாள். "ரெண்டும் சேந்திருக்கு" என்றாள் நர்ஸிடம். "மூச்சுக்கு டியூப் போடணும். ரெண்டு பேரும் வெளியில இருங்க. இது போலீஸுக்கும் தகவல் போகும், கேட்டா உள்ளதைச் சொல்லுங்க."

வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள் சுவரோடு வரிசையாக இருந்தன. நடுவில் ஒன்றை விட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். அவன் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. கேட்டால் அவளும் அதையே கேட்பாள். பரிதி தரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனசுக்குள் ஒரு கணக்கு மட்டும் ஓடியது. அது நீண்ட கணக்கும் இல்லை. இழுக்க மாட்டேன் என்கிறாள் என்று அவள் சொன்னதற்கும், அவன் எழுந்து நின்றதற்கும் இடையில் இருந்த நேரம்.

வெகுநேரம் கழித்து எழில்மொழி பேசினாள்.

"எனக்கு அங்கயே தெரியும். வாயில வச்சதுமே தெரியும்."

அவன் நிமிரவில்லை.

"நீங்க தூக்கம்தான்னு சொன்னீங்கல்ல. உங்களுக்கு ஒண்ணும் தெரியலன்னு நினைச்சு எனக்கு நிம்மதியா இருந்துச்சு."



மறுநாள் காலையில் பரிதியின் அப்பா செல்லதுரை பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். அறுப்பை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். சட்டைக் காலரில் வைக்கோல் தூசி. "என்னடா ஆச்சு? சொல்லு ஆயி, என் பேத்திக்கு என்ன?" என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காய்ச்சல்" என்றான் பரிதி.

"காய்ச்சல்தான் மாமா" என்றாள் எழில்மொழி, அதே மூச்சில்.

இருவரும் கலந்து பேசவில்லை. கலந்து பேசாமலே அவ்வளவு சரியாகப் பொருந்தி வந்தது அந்தப் பொய்.

"காய்ச்சலுக்கா இப்படிக் கலங்குறீங்க? மேட்டூர்ல இருந்து வர்ற ஆத்துப் பொன்னியைத்தான் ஊரே சேந்து தடுத்து நிறுத்துவானுவ. எம் பொன்னி ஏரோப்ளேனையே நிறுத்திட்டா பாத்தியா!" என்று தனக்குத்தானே சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்காததால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீ வாங்கி வரப் போனார். பரிதியின் போன் சட்டைப்பையில் அதிர்ந்தது. மேனேஜர். அடித்து ஓயும்வரை விட்டான்.

மத்தியானம் குழாயை எடுத்துவிட்டார்கள். பொன்னி கண் விழித்திருந்தாள். டாக்டர் அவர்களை உள்ளே கூப்பிட்டாள்.

"உயிருக்கு இனிமே ஒண்ணும் இல்ல. தானா மூச்சு விடுறா." அவள் அதைச் சொன்ன விதத்தில் இன்னொன்று பாக்கி இருந்தது. "ஆனா வர்றதுக்கு முன்னாடி மூச்சு குறைஞ்சு எவ்வளவு நேரம் இருந்தாள்னு எனக்குத் தெரியாது. மூளைக்கு அந்த நேரம் ரொம்ப முக்கியம். இப்ப எடுத்த ஸ்கேன்ல ஒண்ணும் தெரியல. தெரியலன்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல. உக்காரும்போது, நடக்கும்போது, பேச ஆரம்பிக்கும்போதுதான் தெரியும். பாத்துக்கிட்டே இருங்க."

"எத்தனை நாளைக்குங்க?" என்று கேட்டான் பரிதி.

"நாள் இல்ல சார். வருஷம்."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனாள். பொன்னி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழில்மொழி குனிந்து கூப்பிட்டதும் பார்வை மெதுவாக அவள் பக்கம் வந்தது, நின்றது. முன்பும் இப்படி மெதுவாகத்தான் வருமா? பரிதி யோசித்தான். நினைவில் இல்லை. எட்டு மாதத்தில் அவன் அதைக் கவனித்ததே இல்லை.

நர்ஸ், எழில்மொழி பீய்ச்சிக் கொடுத்திருந்த பாலைப் பாலாடையில் ஊற்றிக் கொண்டுவந்தாள். "வாய் வழியா முதல் பால். கொஞ்சம் கொஞ்சமா விடணும். யாரு குடுக்குறீங்க?"

இரண்டு கைகள் நீண்டன. இரண்டும் பாதியில் நின்றன.

"நீங்க குடுங்க" என்றாள் எழில்மொழி.

"இல்ல, நீ குடு."

"நீங்களே குடுங்க."

வேறு ஷிப்டிலிருந்து வந்த நர்ஸ் அவள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. "நல்லா விட்டுக்குடுக்குறீங்க ரெண்டு பேரும்" என்று சிரித்தாள். "எங்க வீட்டுல எம்புருஷன் எட்டிக்கூடப் பாக்க மாட்டாரு." கொஞ்சம் காத்துப் பார்த்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தானே குழந்தையை நிமிர்த்திப் பிடித்துப் பாலாடையை உதட்டில் வைத்தாள்.

பொன்னி விழுங்கினாள். இன்னொரு மடக்கு விழுங்கினாள். மூன்றாவது மடக்கில் வாயின் இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பால் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. நர்ஸ் துணியால் ஒற்றிவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் அந்த ஓரத்தில்தான் வழிந்தது.

பரிதி பார்த்தான். எழில்மொழியும் பார்த்தாள். அவன் பார்த்தது அவளுக்குத் தெரிந்தது. அவள் பார்த்தது அவனுக்கும் தெரிந்தது. குழந்தைகளுக்குப் பால் வழிவதுதானே, அதற்கென்ன என்று யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம். பாலாடை காலியாகும்வரை இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள்.